மேலே கருகல், நடுவில் மாவு: கன்வெக்ஷன் ஓவன் சொன்ன பேச்சு கேட்காதபோது

கேக் மேலே கருத்துவிட்டது, கத்தியை விட்டுப் பார்த்தால் நடுவில் மாவு ஒட்டுகிறது. பிஸ்கட் ட்ரேயில் இந்த ஓரம் காபித்தூள் நிறம், அந்த ஓரம் மைதா நிறம். தந்தூரி சிக்கன் வெளியே சக்கையாகக் காய்ந்திருக்கிறது, எலும்போரம் ரத்தம். புதிதாகக் கன்வெக்ஷன் ஓவன் வாங்கிய வீடுகளில் கேட்கும் புலம்பல்கள் இவைதான். நாலு தடவை இப்படி ஆனதும் ஓவன் பால் சுடவைக்கும் பெட்டியாகிவிடும். கேக் மறுபடி பேக்கரியிலிருந்து வரத் தொடங்கும். எனக்கு அதில் நிஜமாகவே வருத்தம். இந்தக் கோளாறுகளில் பெரும்பாலானவற்றுக்கு இயந்திரம் காரணமில்லை. உள்ளே சூடான காற்று சுற்றிவர வழியில்லாமல் போயிருக்கும். இல்லையென்றால் நாம் வைத்த எண் ஒன்று, உள்ளே இருக்கும் உண்மையான சூடு வேறொன்று என்றிருக்கும்.

அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் வீட்டில் எது நடக்கிறதோ அந்த இடத்துக்கு நேராகப் போகலாம். ஆனால் அடுத்து வரும் பகுதியை மட்டும் தாண்டிவிடாதீர்கள். பின்னால் சொல்லும் தீர்வுகளுக்கான காரணம் அதில்தான் இருக்கிறது.

## உள்ளே என்ன நடக்கிறது

ஓவனில் உணவுக்குச் சூடு மூன்று பக்கத்திலிருந்து வரும். சிவந்த ராடிலிருந்து நேராக வீசும் அனல், ட்ரேயைத் தொட்டுக்கொண்டிருக்கும் அடிப்பக்கச் சூடு, சுற்றியிருக்கும் காற்றின் சூடு. ஃபேன் இல்லாத ஓவனில் இந்தக் காற்று சோம்பேறி. சூடானது மேலே போய் நின்றுவிடும். உணவைச் சுற்றி, அதிலிருந்தே கிளம்பிய ஈரத்தோடு, கொஞ்சம் குளிர்ந்த காற்று மெல்லிய போர்வையாக ஒட்டிக்கொண்டிருக்கும். வெளிச்சூடு இந்தப் போர்வையைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும்.

கன்வெக்ஷன் ஓவனில் இருக்கும் ஃபேன் அந்தப் போர்வையை ஓயாமல் கலைத்துக்கொண்டே இருக்கிறது. கொதிக்கக் கொதிக்க இருக்கும் பாலை ஃபேனுக்கடியில் வைத்தால் சீக்கிரம் ஆறுகிறதே, அதே வேலைதான் தலைகீழாக நடக்கிறது. அறைக் காற்று பாலின் சூட்டை வேகமாக எடுத்துப்போவதுபோல ஓவன் காற்று தன் சூட்டை உணவுக்குள் வேகமாக இறக்குகிறது. எண் அதே 180 டிகிரியாக இருந்தாலும் ஃபேன் ஓடும்போது உணவுக்குப் போய்ச் சேரும் சூடு அதிகம்.

இதில் இன்னொன்றும் நடக்கிறது. மேற்பரப்பின் ஈரம் சீக்கிரம் ஆவியாகிவிடுகிறது. ஈரம் இருக்கும்வரை மேற்பரப்பு 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். ஈரம் போனபின் சூடு விறுவிறுவென்று ஏறும். சுமார் 140 டிகிரி தாண்டியதும் பொன்னிறமும் வாசனையும் வேகமாக வரும். எண்ணெயில் முக்கியெடுக்காமலே உருளைக்கிழங்கு முறுகுவது இதனால்தான். ஏர்ஃப்ரையர் என்று விற்பதும் இதே ஏற்பாடுதான்; பெட்டி சின்னது, காற்று பலமானது, அவ்வளவே.

ஃபேன் வைத்த ஓவனுக்கு வயது அதிகம். 1945-இல் அமெரிக்காவில் வில்லியம் மேக்ஸன் விமானத்தில் உறைந்த சாப்பாட்டைச் சூடாக்குவதற்காக ஒரு சின்ன ஓவன் செய்தார். அதில் ஃபேன்தான் முக்கியம். பறக்கும்போது நேரமும் இடமும் மின்சாரமும் கொஞ்சமாகத்தான் கிடைக்கும். அந்தக் கொஞ்சத்தில் சாப்பாடு முழுக்க ஒரே சீராகச் சூடாக வேண்டும். வீட்டுச் சமையலறையிலும் இந்த ஓவனால் கிடைக்கும் லாபம் அதேதான்: குறைந்த சூடு, குறைந்த நேரம், சீரான வேக்காடு.

உங்களிடம் இருப்பது என்ன ஓவன் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். கன்வெக்ஷன் மைக்ரோவேவ் என்பது ஒரே பெட்டிக்குள் மூன்று இயந்திரம்: மைக்ரோவேவ், மேலே கிரில் ராடு, பின்னாலோ பக்கவாட்டிலோ ஹீட்டரும் ஃபேனும். ஓடிஜி என்பது மேலும் கீழும் ராடு வைத்த பெட்டி. எல்லா ஓடிஜியிலும் ஃபேன் இருக்காது. குமிழில் ஃபேன் படம் இருந்தால் மட்டுமே அது கன்வெக்ஷன். ஃபேன் இல்லாத ஓடிஜிக்கு இங்கே சொல்லும் சூட்டுக் கணக்கு பொருந்தாது.

## அறிகுறி: கேக் மேலே கருகுகிறது, நடுவில் வேகவில்லை

அதிகம் பேருக்கு வருவது இதுதான், அதனால் இங்கே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

எந்த மோடில் வைத்தீர்கள்? கன்வெக்ஷன் மைக்ரோவேவில் காம்பினேஷன் என்று ஒரு பட்டன் இருக்கும். அதை அழுத்தினால் மைக்ரோவேவோ கிரில்லோ கூடவே ஓடும். கேக்குக்கு அது ஆகாது. வெறும் கன்வெக்ஷன் மட்டும் போதும். ஓடிஜியில் மேல் ராடு மட்டும் சிவந்திருந்தால் மேலே கருகத்தான் செய்யும். இரண்டு ராடும் ஃபேனும், அல்லது கீழ் ராடும் ஃபேனும் என்று வைத்து, டின்னைக் கீழ்த்தட்டுக்கு இறக்குங்கள்.

எண்ணைக் குறைத்தீர்களா? புத்தகத்திலோ வீடியோவிலோ 180 டிகிரி என்று இருந்தால் பெரும்பாலும் அது ஃபேன் இல்லாத ஓவனுக்கான கணக்கு. ஃபேன் ஓடினால் 20 டிகிரி குறைத்து 160 வைக்க வேண்டும். கன்வெக்ஷனுக்கென்றே எழுதிய குறிப்பாக இருந்தால் குறைக்கக் கூடாது. இரண்டு தடவை குறைத்துவிட்டு கேக் வெளுத்துப்போச்சு என்பவர்களும் உண்டு.

டின் எதன் மேல் இருக்கிறது? அண்ணி ஒருமுறை போனில் கேட்டார்: "ரவா கேக்கு மேல நல்லா செவந்துருச்சு, அடியில மட்டும் ஈரமா, பச்சை வாசமா இருக்கு, என்னன்னே தெரியல." நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அண்ணி, டின்னை எதுமேல வெச்சீங்க?" "ஏன், அந்தக் கண்ணாடித் தட்டு மேலதான். பாலு காய்ச்சறப்ப அதுமேலதான வைப்போம்?"

அங்கேதான் விஷயம். கண்ணாடித் தட்டின் மேல் டின் ஒட்டி உட்கார்ந்தால் அடியில் காற்று போக இடமே இல்லை. கண்ணாடியோ தடிமனானது, மெல்லச் சூடேறும். மேல்பக்கத்துக்கு முழுக் காற்றும் கிடைக்கிறது, அடிப்பக்கம் பட்டினி. ஓவனோடு குட்டையாக ஒன்று, உயரமாக ஒன்று என்று கம்பி ஸ்டாண்டு கொடுத்திருப்பார்கள். பெரும்பாலான வீடுகளில் அது பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் அட்டைப்பெட்டியிலேயே கிடக்கும். கேக்குக்கு அந்தக் குட்டை ஸ்டாண்டைத் தட்டின் மேல் வைத்து, அதன் மேல் டின். உயரமான ஸ்டாண்டு கிரில்லுக்கு.

டின் பெரிதாக இருக்கிறதா? டின்னுக்கும் ஓவன் சுவருக்கும் நடுவில் எல்லாப் பக்கமும் குறைந்தது இரண்டு விரல் இடம் வேண்டும். சதுர டின் சுழலும்போது மூலை சுவரில் இடித்துத் தட்டு நின்றுவிடும். நின்ற இடத்தில் ஒரு பக்கம் மட்டும் கருகும். 28, 30 லிட்டர் ஓவனுக்கு 18 அல்லது 20 செ.மீ. வட்ட டின் நிம்மதியானது. கருப்பு நான்ஸ்டிக் டின் அனலை அதிகம் இழுக்கும். அதன் ஓரமும் அடியும் முதலில் சிவக்கும். வெள்ளை அலுமினிய டின் அவ்வளவு அவசரப்படாது. கேக்குக்கு என் ஓட்டு அலுமினியத்துக்கே.

மாவு எவ்வளவு உயரம்? டின்னில் பாதி, மிஞ்சினால் மூன்றில் இரண்டு பங்கு. அதற்கு மேல் ஊற்றினால் ஓரம் வெந்து முடியும்போதும் நடுவுக்குச் சூடு போயிருக்காது.

இப்போது ஓவனில் இருக்கும் கேக்கே இந்த நிலையில் இருக்கிறது என்றால் பதற வேண்டாம். அலுமினியத் தாளை மேலே தளர்வாகக் கூடாரம்போலப் போடுங்கள், பளபளப்புப் பக்கம் எது என்று பார்க்கத் தேவையில்லை, இரண்டும் ஒன்றுதான். ஃபேன் தூக்காதபடி ஓரத்தை டின்னில் மடித்துவிடுங்கள். சூட்டை 10 டிகிரி குறைத்துத் தொடருங்கள். இது வெறும் கன்வெக்ஷன் மோடில் மட்டும். மைக்ரோவேவ் கலந்த மோடில் அலுமினியத் தாள் தீப்பொறி பறக்கவிடும்.

கேக்கின் மேல் எரிமலைபோல வெடிப்பு வந்தால் அதுவும் அதிகச் சூடுதான். மேல்தோல் முதலில் இறுகிவிடுகிறது. உள்ளே இருக்கும் மாவு அதற்குப் பிறகு உப்பி, வழி தேடிப் பிளந்துகொண்டு வருகிறது. 10 டிகிரி குறைத்தாலே அடுத்த கேக் சமதளமாக வரும். நடுவில் பள்ளம் விழுந்தால் வேறு கதை: பாதி நேரம் ஆவதற்குள் கதவைத் திறந்திருப்பீர்கள், அல்லது பேக்கிங் பவுடர் கூடிப்போயிருக்கும், அல்லது வேகும் முன்னே எடுத்திருப்பீர்கள். ஓவனைக் குறை சொல்ல அதில் ஒன்றுமில்லை.

## அறிகுறி: ட்ரேயின் ஒரு ஓரம் கருப்பு, மறு ஓரம் வெள்ளை

ஒவ்வொரு ஓவனுக்கும் அதற்கென்று ஒரு சூட்டு வரைபடம் உண்டு. அதைக் கண்ணால் பார்க்க ஒரு பாக்கெட் சாதா பிரெட் போதும். ஓவனை 180 டிகிரிக்கு நன்றாகச் சூடாக்குங்கள். கம்பித் தட்டில் பிரெட் துண்டுகளை நெருக்கி அடுக்காமல், காற்று போக இடைவெளி விட்டு, பின் மூலைகள், நடு, கதவோரம் எல்லாம் வரும்படி பரப்புங்கள். எந்தத் துண்டு எங்கே இருந்தது என்பதை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். கன்வெக்ஷன் மைக்ரோவேவாக இருந்தால் ஸ்டாண்டின் மேல் கொள்ளும் அளவுக்கு மட்டும் போதும்.

சில நிமிடங்களில் நிறம் மாறத் தொடங்கும். ஏதாவது ஒன்று நன்றாகச் சிவந்ததும் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் எடுத்து, அதே வரிசையில் மேசையில் அடுக்கிப் பாருங்கள். ஃபேனுக்கு எதிரில் இருந்தது கரும்பழுப்பாக இருக்கும், கதவோரத்தில் இருந்தது இளமஞ்சளாக நிற்கும். சில நேரம் ஒரே துண்டில் பாதி சிவந்து பாதி வெளுத்து, நடுவில் கோடு கிழித்ததுபோலத் தெரியும். காற்று எந்த வழியில் வருகிறது, எங்கே முட்டித் திரும்புகிறது என்பது அந்த நிறத்திலேயே தெரிந்துவிடும். திருப்பிப் போட்டும் பாருங்கள். அடிப்பக்கம் வெளுத்திருந்தால் அடியில் காற்று போகவில்லை, அல்லது கீழ் ராடு சரியாகச் சூடாகவில்லை.

வரைபடம் தெரிந்துவிட்டால் தீர்வு எளிது. ஓடிஜியில் மூன்றில் இரண்டு பங்கு நேரம் ஆனதும் ட்ரேயை முன்பின்னாகத் திருப்புங்கள். கேக் ஒரு பக்கம் சாய்ந்து உப்பினாலும் இதுவே மருந்து, ஆனால் மேல்தோல் இறுகியபிறகுதான் திருப்ப வேண்டும். பிஸ்கட்டுக்கு உயரமான விளிம்பு வைத்த ட்ரே வேண்டாம். விளிம்பு காற்றை மறித்து ஓரத்துப் பிஸ்கட்டை நிழலில் வைத்துவிடும். ஓவனோடு வரும் ட்ரே நாலு சுவரையும் தொடும் அளவுக்குப் பெரிதாக இருந்தால், அது கீழ்ப்பாதிக்கும் மேல்பாதிக்கும் நடுவில் காற்றே போகாதபடி அடைத்துவிடும். அதைவிடக் கம்பித் தட்டின் மேல் சின்ன ட்ரே வைப்பது நல்லது.

சுத்தம் செய்யச் சோம்பல்பட்டு அடியில் முழுக்க அலுமினியத் தாள் விரிக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. தயவுசெய்து வேண்டாம். காற்றுத் துளைகளும் அடைபடும், கீழ் ராடின் சூடும் தப்பான இடத்தில் தேங்கும்.

கன்வெக்ஷன் மைக்ரோவேவில் தட்டு சுழன்றும் நிறம் சீராக வரவில்லையா? தட்டு உண்மையிலேயே சுழல்கிறதா என்று பாருங்கள். அடியில் உருளும் வளையத்தில் எண்ணெய்ப் பிசுக்கு சேர்ந்தாலோ நடுக்கட்டையில் தட்டு சரியாக உட்காராவிட்டாலோ விட்டு விட்டுச் சுற்றும்.

## அறிகுறி: சொன்ன நேரத்தில் வேகவே மாட்டேன் என்கிறது

ப்ரீஹீட், அதாவது காலி ஓவனை முன்கூட்டியே சூடாக்குவது, முடிந்து பீப் சத்தம் வந்ததும் கேக்கை உள்ளே வைக்கிறீர்களா? அந்தச் சத்தம் உள்ளே இருக்கும் காற்று சூடாகிவிட்டது என்று மட்டுமே சொல்கிறது. சுவரும் தட்டும் ஸ்டாண்டும் இன்னும் சூடாகியிருக்காது. கதவைத் திறந்ததும் அந்தக் காற்று மொத்தமும் வெளியே போய்விடும். பீப் வந்தபிறகு இன்னும் 10 நிமிடம் ஓடவிட்டு, பிறகு கதவைத் திறந்து சட்டென்று வைத்து மூடுங்கள். பல கன்வெக்ஷன் மைக்ரோவேவில் ப்ரீஹீட் தனி, வேகவைப்பது தனி. உள்ளே வைத்தபிறகு மறுபடி சூட்டையும் நேரத்தையும் கொடுத்து ஸ்டார்ட் அழுத்த வேண்டும். இதைத் தவறவிட்டுவிட்டு ஓவன் ரிப்பேர் என்று நினைப்பவர்கள் நிறைய.

அடுத்து வோல்டேஜ். நம் ஊரில் சொல்லியே ஆக வேண்டிய விஷயம் இது. ஹீட்டர் தரும் சூடு வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 230 வோல்ட்டில் முழுச் சூடு என்றால், 200 வோல்ட்டில் முக்கால்வாசிதான் கிடைக்கும். 180-க்கு இறங்கினால் ஐந்தில் மூன்று பங்கு. வெயில் காலத்தில் தெரு முழுக்க ஏசி ஓடும் சாயங்கால நேரத்தில் 200 டிகிரி வைத்து ஓவன் முக்கிக்கொண்டே இருந்தால் அதைக் குறை சொல்லிப் பயனில்லை. ஸ்டெபிலைசரில் வோல்டேஜ் காட்டும் வீடென்றால் அதைப் பாருங்கள். விருந்துக்குக் கேக் செய்வதாக இருந்தால் காலையிலேயே முடித்துவிடுங்கள். ஓவனுக்கென்று ஸ்டெபிலைசர் வாங்குபவர்கள் அதன் வாட் கணக்கைச் சரியாகப் பார்த்து வாங்க வேண்டும். ஃபிரிட்ஜ் ஸ்டெபிலைசர் இந்தச் சுமையைத் தாங்காது.

இதெல்லாம் சரியாக இருந்தும் சந்தேகமா? உள்ளே வைக்கும் ஓவன் தெர்மாமீட்டர் ஒன்று வாங்குங்கள், இந்த வேலைக்கு அதைவிட உருப்படியான செலவு இல்லை. இப்போதைக்கு அது கைவசம் இல்லையென்றால் சர்க்கரை போதும். சர்க்கரை உருகுவது சுமார் 186 டிகிரியில். அலுமினியத் தாளைக் குழிவாக மடித்து ஒரு ஸ்பூன் சர்க்கரை போடுங்கள். பொடித்தது வேண்டாம், ஃபேன் பறக்கடித்துவிடும். கன்வெக்ஷன் மோடில் 175 டிகிரிக்கு நன்றாகச் சூடான ஓவனில் 15 நிமிடம் வைத்தால் சர்க்கரை சர்க்கரையாகவே இருக்க வேண்டும். உருகினால் உங்கள் ஓவன் எண்ணைவிட அதிகம் சுடுகிறது. வேறு சர்க்கரை வைத்து, ஓவனை 195-க்கு ஏற்றி, மறுபடி 15 நிமிடம். இப்போது உருக வேண்டும். உருகாவிட்டால் ஓவன் குறைவாகச் சுடுகிறது. எந்தப் பக்கம் பிசகு என்று தெரிந்துவிட்டால், ரிப்பேருக்குப் போகாமலே எண்ணைக் கூட்டிக் குறைத்துச் சமாளிக்கலாம். ஓடிஜியில் திருகும் குமிழின் எண் தோராயமானதுதான். ராடு அணைந்து எரிந்து அணைந்துதான் சூட்டைப் பிடித்துவைக்கிறது, அதில் ஏற்ற இறக்கம் இருக்கும்.

## அறிகுறி: கோழி வெளியே சக்கை, எலும்போரம் ரத்தம்

ஃபேன் மேற்பரப்பைக் காயவைப்பதில் கெட்டிக்காரன் என்று பார்த்தோம். பெரிய துண்டுக்கு அதிகச் சூடு கொடுத்தால் உள்ளே வேகும் முன் வெளியே காய்ந்துவிடும். லெக் பீஸை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததும் வைக்காமல் அரை மணிநேரம் வெளியே வையுங்கள். எலும்பு வரை ஆழமாகக் கீறுங்கள். 180 டிகிரியில் வேகவிட்டு, கடைசி ஐந்து நிமிடம் கிரில் போடுங்கள். வெந்ததா என்று நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மசாலாவும் கலரும் ஏமாற்றும். குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டர் இருந்தால் எலும்பைத் தொடாமல் தடித்த இடத்தில் 74 டிகிரி காட்ட வேண்டும். இல்லாவிட்டால் அங்கே குத்தினால் வரும் சாறு தெளிவாக இருக்க வேண்டும், எலும்போரச் சதை சுலபமாகப் பிரிய வேண்டும்.

கறி வேகாமல் மசாலாத் தண்ணீரில் மிதந்தால் தயிர்தான் காரணம். தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டுத் தண்ணீரை வடித்துப் பிசையுங்கள். துண்டுகளை ட்ரேயில் போடாமல் கம்பியில் வைத்து, சொட்டுவதைப் பிடிக்கக் கீழே ஒரு தட்டு வையுங்கள். கடைத் தந்தூரியின் அந்தக் கரித் திட்டுகள் வரவில்லையே என்று ஏங்க வேண்டாம். தந்தூர் அடுப்பின் உள்சூடு 400 டிகிரியைத் தாண்டும், வீட்டு ஓவனால் அது முடியாது. கிரில்லில் கிடைக்கும் சிவப்பு போதும்.

## அறிகுறி: முறுகவே மாட்டேன் என்கிறது

உருளைக்கிழங்கு, பாகற்காய், பன்னீர் எதுவானாலும் முதல் கேள்வி: ஒன்றன்மேல் ஒன்றாகக் குவித்தீர்களா? குவித்த இடத்தில் ஃபேன் கலைக்க வேண்டிய ஈரப் போர்வை அப்படியே தங்கிவிடும். வறுபடுவதற்குப் பதில் ஆவியில் வேகும். ஒரே அடுக்காக, ஒன்றோடொன்று தொடாமல். வீட்டில் ஆறு பேர் என்றால் இரண்டு ஈடு போடத்தான் வேண்டும். நறுக்கிய கிழங்கைத் தண்ணீரில் ஊறப்போட்டு எடுத்தால் துணியில் ஒற்றி ஈரம் போக்குங்கள், பிறகு ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டுப் பிசறுங்கள். எண்ணெயே இல்லாமல் செய்தால் முறுகலுக்குப் பதில் தோல்போல இழுபடும்.

பப்ஸ் அடுக்கடுக்காக எழும்பாமல் அமுங்கிப்போனால், மாவு ஓவனுக்குள் போகும்போது குளிர்ச்சியாக இருந்ததா என்று யோசியுங்கள். வெளியிலேயே வெண்ணெய் உருகிவிட்டால் அடுக்கு ஒட்டிக்கொள்ளும். ஃபிரிட்ஜிலிருந்து நேராக, 200 டிகிரிக்கு முழுக்கச் சூடான ஓவனுக்குள் போக வேண்டும். மாவின் ஈரம் ஒரே மூச்சில் ஆவியாகி அடுக்குகளைத் தூக்குவதில்தான் பப்ஸின் உயிர் இருக்கிறது.

## அறிகுறி: பன்னும் பிரெட்டும் வறண்டு போகின்றன

காயவைக்கும் காற்று எல்லாவற்றுக்கும் நல்லதில்லை. பன் உப்பி முடியும் முன்னே தோல் இறுகிவிட்டால் வளர்ச்சி நின்றுவிடும். மேலே பால் தடவுங்கள், ஓவனுக்குள் ஒரு சின்னக் கிண்ணத்தில் கொதிநீர் வையுங்கள், ஃபேனை அணைக்க வசதியுள்ள ஓடிஜியில் முதல் பத்து நிமிடம் அணைத்து வையுங்கள். கேரமல் கஸ்டர்டு, சீஸ் கேக் போன்றவற்றுக்கு ஃபேனே வேண்டாம். அணைக்க முடியாத ஓவனென்றால் கிண்ணத்தை மூடி, வெந்நீர்த் தட்டுக்குள் வைத்து, சூட்டைக் குறையுங்கள்.

இதற்கு நேர் எதிர் தூத்துக்குடி மக்ரூன். முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரித் தூள், அவ்வளவுதான். அதை வேகவைப்பதைவிடக் காயவைப்பதுதான் வேலை. 100, 110 டிகிரியில் நிதானமாக ஓடும் ஃபேன் அதற்கு வரம். வீட்டில் செய்த மக்ரூன் உள்ளே பிசுபிசுவென்று இருந்தால் சூட்டை ஏற்றாதீர்கள், நேரத்தை ஏற்றுங்கள். சூட்டை ஏற்றினால் வெள்ளை நிறம் போய்விடும், பிசுபிசுப்பு போகாது.

பன் மாவு புளிக்க நேரமாகிறதா? பல கன்வெக்ஷன் மைக்ரோவேவில் 40 டிகிரி வரை இறங்கும் வசதி இருக்கிறது. மார்கழிக் குளிரில் இட்லி மாவையும் தயிரையும் அதில் வைக்கலாம். இதைக் கவனிக்காத வீடுகள்தான் அதிகம்.

## அறிகுறி: புகை, வாடை, பொறி, சத்தம்

புதிய ஓவனில் முதல்முறை எண்ணெய் வாடையும் லேசான புகையும் வருவது இயல்பு. ஜன்னலைத் திறந்துவைத்து, காலியாக, கன்வெக்ஷன் மோடில் அதிகச் சூட்டில் கால் மணிநேரம் ஓடவிடுங்கள். மைக்ரோவேவ் மோடில் மட்டும் காலியாக ஓடவிடக் கூடாது. பழைய ஓவனில் புகை என்றால் சுவரில் ஒட்டிய எண்ணெய். ஆறியபின் ஈரத்துணியால் துடையுங்கள்.

பிளாஸ்டிக் உருகும் வாடை வந்தால் உடனே நிறுத்துங்கள். மைக்ரோவேவுக்கு ஏற்ற பிளாஸ்டிக் டப்பா கன்வெக்ஷனுக்கு ஏற்றதல்ல. அதேபோல் கன்வெக்ஷனுக்கு ஏற்ற உலோக டின்னை மைக்ரோவேவ் மோடில் வைக்கக் கூடாது. ஒரே பெட்டிக்குள் இரண்டு சட்டம் இருப்பதால்தான் இந்தக் குழப்பம். வெறும் கண்ணாடிக் கிண்ணம் வைத்தும் மைக்ரோவேவ் மோடில் பொறி பறந்தால், உள்சுவரில் இருக்கும் அட்டைபோன்ற மைக்கா தகட்டில் உணவு தெறித்துக் கருகியிருக்கும். தகட்டை மாற்றும்வரை ஓட்டாதீர்கள்.

அணைத்தபிறகும் ஃபேன் ஓடுகிறதா? அது இயந்திரத்தைக் குளிரவைக்கும் ஃபேன், தானே நிற்கும். அவசரப்பட்டு பிளக்கைப் பிடுங்கினால் உள்ளிருக்கும் பாகங்களுக்குத்தான் கேடு. கதவுக் கண்ணாடியில் நீர் கோத்தாலும், நடுநடுவே டக் டக் என்று கேட்டாலும் பயமில்லை. கரகரவென்று உரசும் சத்தம் வந்தால் ஃபேன் இறக்கையில் பிசுக்கு ஏறியிருக்கலாம், அச்சு தேய்ந்திருக்கலாம். அதைப் பார்க்க ஆள் வேண்டும்.

## அறிகுறி: போட்டதும் மின்சாரம் போகிறது

கன்வெக்ஷன் மோடில் சுமார் 2,500 வாட் இழுக்கும் ஓவனுக்கு 11 ஆம்பியர் வேண்டும். மிக்சி போடும் சின்ன பாயிண்டும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் இதைத் தாங்காது; பிளக் சூடாகி உருகும். ஏசி பிளக் போடும் பெரிய பாயிண்டில், எர்த் சரியாக உள்ள சுவரில் மட்டும் போடுங்கள். அதே லைனில் கீசரோ மோட்டாரோ ஓடும்போது எம்சிபி (சுமை கூடினால் தானே அணையும் சுவிட்ச்) விழுந்தால் சுமைதான் காரணம், ஒன்றை நிறுத்தினால் சரி.

எம்சிபி விழாமல் இஎல்சிபி (மின்கசிவு இருந்தால் தானே அணையும் சுவிட்ச்) விழுந்தால் அது எர்த்துக்கு மின்சாரம் கசிவது. மழைக்காலத்தில், பல மாதம் சும்மா கிடந்த ஓவனில் இது நடக்கும். ராடுக்குள் நிரப்பியிருக்கும் மெக்னீசியம் ஆக்சைடு தூள் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்வதுதான் பெரும்பாலும் காரணம். எலக்ட்ரீஷியன் யாராவது "இஎல்சிபியைத் தூக்கிட்டு டைரக்டா குடுத்துடலாம்" என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். உயிரைக் காப்பாற்றத்தான் அது விழுகிறது.

கதவு கோணியிருந்தாலோ, கண்ணாடி விரிசல் விட்டிருந்தாலோ, கதவு மூடாமலே ஓவன் ஓடினாலோ மைக்ரோவேவ் வகையை ஒரு நிமிடம்கூட ஓட்டக் கூடாது. கைதேர்ந்த ஆளாக இருந்தாலும் பின்மூடியைக் கழற்றாதீர்கள். உள்ளே இருக்கும் கெபாசிட்டரில் 2,000 வோல்ட்டுக்கு மேல் ஏறும். பிளக்கைப் பிடுங்கியபிறகும் அந்த மின்சாரம் தங்கியிருந்து ஆளைக் கொல்லும். ஓடிஜியில் கெபாசிட்டர் இல்லை, இருந்தாலும் ராடு மாற்றுவதை அது தெரிந்தவரிடமே விடுங்கள்.

சர்வீஸ் ஆளைக் கூப்பிடும்போது "சரியா வேகலைங்க" என்று மட்டும் சொன்னால் அவர் வந்து ஒரு டம்ளர் தண்ணீரை மைக்ரோவேவில் கொதிக்கவைத்துக் காட்டி, நல்லாத்தான் ஓடுது என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். அந்தச் சோதனையில் கன்வெக்ஷன் ஹீட்டரும் அதன் ஃபேனும் ஓடவே ஓடாது. "கன்வெக்ஷன்ல 180 வெச்சா தெர்மாமீட்டர் 145 தாண்டல, வோல்டேஜ் 225 இருக்கு, ஃபேன் சத்தம் கேக்குது" என்று சொல்லுங்கள். அப்போது அவர் ஹீட்டரையும் சென்சாரையும் கையோடு எடுத்துக்கொண்டு வருவார்.